ரொட்டி நாட்டில் அவல் மூட்டை

தலைமன்னாரில் சுங்க அதிகாரி என் டிரங்குப் பெட்டியைத் திறந்து, மேலே இருந்த புடவைகளை ஒதுக்கிவிட்டு உள்ளே கையை விட்டார். அவல் வந்தது. வேறு பக்கம் விட்டார். பொரி வந்தது. அடியில் ஒரு துணிப்பையைக் கண்டுபிடித்து ஆவலோடு அவிழ்த்தார். அரிசிமாவு உருண்டை. என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அம்மா, எங்கள் நாட்டில் இன்னும் பஞ்சம் வரவில்லை” என்றார் ஆங்கிலத்தில். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். கோதுமை பட்டால் என் குடல் தாங்காது என்று அத்தனை பேர் நடுவில் விளக்கிக்கொண்டிருக்கத் தெம்பில்லை.

திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் தையல் டீச்சர். கல்யாணம் ஆகவில்லை, ஹாஸ்டலில் ஒரு அறை. யுத்த காலத்தில் ரேஷனில் அரிசி குறைந்து கோதுமை வந்தபோது என் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. யுத்தம் முடிந்தது, ஹிட்லரும் போனார், என் வயிற்றுப்போக்கு மட்டும் நிற்கவில்லை. ஹாஸ்டலில் காலையில் ரவை உப்புமா, ராத்திரி சப்பாத்தி. நான் எலும்பும் தோலுமாகப் போனபின் சென்னையில், மேல்நாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு டாக்டர்தான் கண்டுபிடித்தார். வியாதிக்கு சீலியாக் என்று பேர் சொன்னார். “கோதுமையில் பசை மாதிரி ஒரு சத்து இருக்கிறது. மற்றவர்களுக்கு அது சாப்பாடு. உங்கள் குடலுக்கு அது எதிரி. ஆயுசு முழுக்கத் தொடக்கூடாது.” மருந்து கேட்டேன். “தொடாமல் இருப்பதுதான் மருந்து” என்றார்.

விட்டேன், உடம்பு தேறியது. ஆனால் கூடவே மனிதர்களையும் விட்டுவிட வேண்டியிருந்தது. கூட்டுப் பெருங்காயத்தில்கூட கோதுமை மாவு கலந்திருக்கும் என்பதால் ஹாஸ்டல் சாம்பாரும் போயிற்று. அறையிலேயே ஸ்டவ் வைத்து ஒருத்திக்குச் சமைத்து ஒருத்தியாகச் சாப்பிட்டேன். கல்யாண வீட்டுக்குப் போனால், “என்ன டீச்சர், எங்க வீட்டுக் கேசரியில விஷமா வெச்சிருக்கோம்?” என்பார்கள். ஒரு வருடம் பதில் சொன்னேன். அப்புறம் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

இப்படிப்பட்டவள் கடல் தாண்டி வந்தது அண்ணனுக்காக. அண்ணன் இளம்வயதில் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். வேறு சாதி என்று அப்பா சாகும்வரை அவர் பேரைச் சொல்லவில்லை. அண்ணன் இருக்கும் பொகவந்தலாவையிலிருந்து எங்கள் பக்கம் முசிறிக்கு வந்திருந்த ஒருவர் ஹாஸ்டலைத் தேடிக்கொண்டு வந்தார். “ஒங்க அண்ணன் கரைஞ்சு போயிட்டாருங்க. பாக்குறதுன்னா இப்பவே போய்ப் பாத்துருங்க” என்றார். எனக்கு உலகத்தில் ரத்த சொந்தம் என்று அவர் ஒருவர்தான்.

மலையேறும் ரயிலில் எதிரே ஒரு சிங்கள அம்மாள் உட்கார்ந்திருந்தார். மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, பாணில் பாதியைப் பிய்த்து, ஏதோ கறி வைத்து என்னிடம் நீட்டினார். பாண் என்றால் நம் ஊர் டபுள் ரொட்டிதான். வேண்டாம் என்று தலையாட்டினேன். இன்னும் கொஞ்சம் கறி வைத்து நீட்டினார். நான் வயிற்றைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ, பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். பிறகு அருவி வந்தது, சுரங்கம் வந்தது, மலைச்சரிவெல்லாம் வகிடு எடுத்துச் சீவியதுபோல் தேயிலை வந்தது. எதையும் நாங்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளவில்லை.

ஹட்டனில் இறங்கியபோது குளிர் எலும்பில் இறங்கியது. திருச்சியில் மார்கழியில் மப்ளர் கட்டுகிறவர்களை நினைத்துச் சிரிப்பு வந்தது. பொகவந்தலாவை பஸ் ஒரு வளைவில் தேயிலை லொறியோடு மூக்கும் மூக்கும் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. இரண்டு டிரைவர்களும் சிங்களத்தில் கத்தினார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். “லொறிக்காரர், ஏத்தம் ஏறுறவனுக்குத்தான் வழி விடணும்ங்கிறாரு. நம்மாளு, எங்கிட்ட இருக்கிறது உசுரு, ஒங்கிட்ட இருக்கிறது தேத்தூளுங்கிறாரு.” கடைசியில் தேத்தூள்தான் ஜெயித்தது. நாங்கள் எல்லோரும் இறங்கி மழையில் நிற்க, பஸ் பின்பக்கமாகவே ஊர்ந்து போயிற்று.

அண்ணன் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்திருந்தார். அவராகக் கூப்பிடாவிட்டால் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது. கை கால் குச்சி. வயிறு மட்டும் ஊதி நின்றது. கண்ணின் கீழிமை வெளுத்துக் கிடந்தது. மேட்டில் ஏறும்போது நாலு எட்டுக்கு ஒருதரம் நின்றார். “வயித்தால போகுதா?” என்று கேட்டேன். “அது பன்னெண்டு வருசமா போயிக்கிட்டுத்தான் இருக்கு” என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் நான் கண்ணாடியில் பார்த்த உடம்பு அது.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். அறையைக் காம்பிரா என்கிறார்கள். முன்னால் இருக்கும் சின்னத் தாழ்வாரம் இஸ்தோப்பு. அண்ணன் காம்பிராவில் அடுப்புப் புகை நடுவில் அண்ணி நின்றாள். அண்ணன் பெண்ணை உடப்புசல்லாவைப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். வீட்டில் இவர்கள் இருவர்தான். “வாங்க டீச்சரம்மா” என்றாள் அண்ணி. நாத்தனாரை டீச்சரம்மா என்று கூப்பிட்டது எனக்கு என்னவோபோல் இருந்தது. முகம் கழுவி உட்கார்ந்ததும் புத்தம்புதிய எனாமல் தட்டில் கனமாக ஒரு ரொட்டியும் தேங்காயும் மிளகாயும் சேர்த்துச் சிவக்க இடித்த சம்பலும் வந்தன. கோதுமை மாவில் தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிய ரொட்டி. வாசனை பிரமாதம். தோட்டத்தில் காலையில் அதுதான், மலையில் வேலை நடுவில் அதுதான், பல நாள் ராத்திரிக்கும் அதுதான்.

“அண்ணி, எனக்கு இது ஆகாது. என் பெட்டியில் அவல் இருக்கு” என்றேன். அண்ணி தட்டை எடுத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து நான் அண்ணனிடம், “நீயும் இதைத் தின்னாதே. இதுதான் உன்னைக் கொல்லுது” என்றும் சொல்லிவைத்தேன். இதைவிட மோசமாக ஒரு உறவை யாராலும் ஆரம்பிக்க முடியாது. வீட்டுக்குள் நுழைந்து ஒரு நாழிகை ஆகவில்லை. உன் சோறு வேண்டாம், உன் சோறுதான் உன் புருஷனைக் கொல்லுகிறது என்று சொன்னவளாகிவிட்டேன்.

மறுநாள் விடிவதற்குள் பெரட்டுக்குக் கூப்பிடும் தப்பு முழங்கியது. வேலைக்குப் பேர் கூப்பிட்டு ஆள் பிரிக்கும் இடம் பெரட்டுக்களம். அண்ணி கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனாள். அண்ணன் ஸ்டோருக்குப் போனார். தேயிலைத் தொழிற்சாலையை அப்படிச் சொல்கிறார்கள். கவ்வாத்துக் கத்தி பிடித்துச் செடி வெட்டியவர், இப்போது முடியாமல் அங்கே கூட்டிப் பெருக்குகிறார். அதுவும் முடியாமல் போனால் பேரை வெட்டிவிடுவார்கள். தோட்டத்து மருந்துக்காரர் பூச்சி மருந்து கொடுத்திருக்கிறார், இரும்புச் சத்து டானிக் கொடுத்திருக்கிறார். ரொட்டியைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எல்லோரும் தின்கிறார்கள், எல்லோரும் நன்றாகத்தானே இருக்கிறார்கள்?

பகலில் லயம் காலியாகிவிடும். ஒரு கோழி, ஒரு நாய், மூடுபனி, நான். பனி வாசலுக்கே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். எதிர் மலையில் பெண்கள் பேசுவது கேட்கும், ஆள் தெரியாது. நான் அவலை நனைத்துச் சாப்பிட்டுவிட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பேன். ஹாஸ்டல் அறையிலும் இதே கதைதான். ஆனால் அங்கே தெருவில் சைக்கிள் மணியாவது கேட்கும். அண்ணனைப் பார்க்கக் கடல் தாண்டி வந்து, அவர் வீட்டிலும் அவல் தின்கிறேனே என்று ஒரு நாள் அழுகை வந்துவிட்டது.

மாலையில் அண்ணி எனக்கு மட்டும் தனிச் சட்டியில் சோறு வடிப்பாள். புதுத் தட்டில் வைப்பாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். புதுத் தட்டை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மத்தியானம், அண்ணிக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோகும் சாக்கில் மலைக்குப் போனேன். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ரொட்டியை நடுவில் வைத்துப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் சம்பல் இவளுக்கு, இவள் ரொட்டி அவளுக்கு. என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அடுத்த காம்பிரா ராக்காயி அக்காதான் வாயைத் திறந்தாள்.

“டீச்சரம்மாவுக்கு ஒரு துண்டு குடுக்கலாம்தான். இந்தியாவுலருந்து வந்தவங்க நம்ம கையால சாப்புடுவாங்களா?”

“சும்மா இரு அக்கா” என்றாள் அண்ணி.

“நான் என்ன பொய்யா சொல்றேன்? அதுக்குத்தானே நீ பசாருக்குப் போயி புதுத் தட்டு வாங்கியாந்த? நம்ம பொழங்குன தட்டுல அவங்க சாதிக்காரங்க சாப்புட மாட்டாங்கன்னு?”

எனக்குத் தலையில் யாரோ குட்டியதுபோல் இருந்தது. அப்பா பேச்சை நிறுத்தினார். இப்போது மகள் வந்து ரொட்டியை நிறுத்துகிறாள். அவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? வியாதியைச் சொன்னேன். குடல் என்றேன், சத்து என்றேன், டாக்டர் என்றேன். ராக்காயி அக்கா முழுக்கக் கேட்டுவிட்டு, “மாவு ஒத்துக்காத வயிறு எங்கயாச்சும் இருக்கா? படிச்சவங்க எதையும் நோகாமச் சொல்லிருவீங்க” என்றாள். எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவை என்னால் தாங்க முடியவில்லை. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கையில் இருந்த ரொட்டியை வாங்கினேன். தின்றேன். ராக்காயி அக்கா கொடுத்த துண்டையும் தின்றேன். உண்மையைச் சொன்னால் ருசியாகத்தான் இருந்தது. அத்தனை வருடங்களில் கூட்டத்தோடு உட்கார்ந்து நான் தின்றது அதுதான்.

அன்று சாயங்காலமே வயிறு பானையாக ஊதியது. மறுநாள் வாந்தியும் போக்குமாக எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். கக்கூஸ் லயத்துக்கு வெகுதூரம். அண்ணி வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டாள். வாளியை எடுத்தாள், என் துணிகளை மலைத்தண்ணீர் விழும் பீலியில் கொண்டுபோய் அலசினாள், கஞ்சி வைத்து ஊட்டினாள். வெட்கத்தில் நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். மூன்றாம் தடவை வாளியை எடுத்துக்கொண்டு போனவள் வாசலில் நின்றுவிட்டாள்.

“சரசு” என்றாள். முதல்முறையாக என் பேர்.

“என்ன அண்ணி?”

“இது அவருக்குப் போறதேதான். இதே வெளுப்பு, இதே நொர, இதே நாத்தம். அலசுறவளுக்குத் தெரியாதா?” வாளியைக் கீழே வைத்துவிட்டு என் கால்மாட்டில் உட்கார்ந்தாள். “அப்ப நெசமாவே ரொட்டிதானா? நானா பன்னெண்டு வருசமா அவருக்கு…” முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தெரியாமல் போட்டதற்கு நீ என்ன செய்வாய் என்று சொன்னதெல்லாம் அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

நான் எழுந்து நடமாடுவதற்குள் அவள் காரியத்தை முடித்திருந்தாள். ராக்காயி அக்கா வீட்டில் பிள்ளைகள் அதிகம். ரொட்டிதான் வயிற்றில் நிற்கும். தன் பங்கு மாவை அங்கே கொடுத்து அரிசி வாங்கிக்கொண்டாள். பசாரிலிருந்து குரக்கன் மா வந்தது. நம் ஊர்க் கேழ்வரகைத்தான் அங்கே குரக்கன் என்கிறார்கள். அதில் தட்டிய ரொட்டி அட்டைபோல் விறைத்துக்கொண்டது. அண்ணன் முதல் வாயை மென்றுவிட்டு, “கூரைத் தகரத்துல மிச்சம் இருந்துச்சா?” என்றார். அண்ணி கரண்டியை ஓங்கினாள். அன்று அந்தக் காம்பிராவில் மூன்று பேரும் ஒரே சட்டிச் சோறு தின்றோம். புதுத் தட்டில் அண்ணி சாப்பிட்டாள்.

பத்துப் பதினைந்து நாளில் அண்ணன் முகத்தில் கொஞ்சம் ரத்தம் தெரிந்தது. இன்னும் ஒரு கை சோறு கேட்க ஆரம்பித்தார். அண்ணி எதிர்மலைக்குக் கேட்கிறமாதிரி சிரித்தாள். அப்போதுதான் ஒரு சாயங்காலம் ஸ்டோரிலிருந்து இரண்டு பேர் அவரைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். வேலை நடுவில் யாரோ ரொட்டியைப் பிய்த்து நீட்ட, வாங்கித் தின்றிருக்கிறார். அன்றைக்கு மட்டுமில்லை, நாலைந்து நாளாக. தேறியதெல்லாம் போயிற்று. மறுபடி வாளி, மறுபடி பீலி. அண்ணி அவரோடு பேசவில்லை.

அவர் எழுந்து உட்கார்ந்த அன்று இஸ்தோப்பில் வைத்துக் கேட்டேன். “உனக்கு உசுரு வேணாமா அண்ணே?”

“வீட்டுல ஒங்க ரெண்டு பேர் சொல்றபடி கேக்குறேன்ல? வெளியில என்னால ஏலாது சரசு. கூட வேலை செய்யிறவன் தன் வாய்க்குப் போறதப் பிச்சுக் குடுக்குறான். வேணாம்னு சொன்னா அவன் மூஞ்சில அடிச்ச மாதிரி. நாலு நாளு சொன்னா, இவன் பெரிய ஆளாயிட்டான்னு கூப்பிடவே மாட்டாங்க.”

“கூப்பிடாட்டி என்ன? உசுரோட இருப்ப.”

அண்ணன் மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நீ தனியா இருந்து பழகிட்ட. எனக்கு அப்படி இருக்க வராது.”

அவர் குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். அதனால்தான் வலித்தது. என்னைப்போல் வாழ்வதா சாவதா என்று கேட்டால், அவருக்கு யோசிக்க வேண்டியிருக்கிறது. நான் எழுந்து உள்ளே போய் அரிசியில் கல் பொறுக்கினேன். அந்த அரிசியில் கல்லே இல்லை.

விசா முடியும் நாள் வந்தது. அண்ணி பெரட்டுக்குப் போகும் வழியில் என் கன்னத்தைத் தடவி, “நான் பாத்துக்கிறேன், நீ ஒன் ஒடம்பப் பாரு” என்றாள். வீட்டில் அவள் பார்த்துக்கொள்வாள், எனக்குத் தெரியும். வெளியில்தான் யார் பார்ப்பார்கள்? பெட்டியை, மறுபடி கொஞ்சம் தேறியிருந்த அண்ணன்தான் தூக்கிக்கொண்டு பசாருக்கு இறங்கினார். வழியில் நிற்கவில்லை. நானும் ரொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது. இனி எனக்கு எந்தச் செய்தி எப்போது வருமோ என்று மட்டும் நினைத்துக்கொண்டு நடந்தேன்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. நானா கடையில் உட்கார்ந்தோம். முஸ்லிம் கடைக்காரரை அங்கே நானா என்கிறார்கள். அங்கே தேத்தண்ணீர்க் கடைகளில் ஒரு வழக்கம்: என்ன வேண்டும் என்று கேட்க மாட்டார்கள். ரொட்டி, பணிஸ் என்கிற பன், வடை எல்லாம் அடுக்கிய ஒரு தட்டை மேசையில் வைத்துவிடுவார்கள், தின்றதற்குக் காசு. தட்டு வந்தது. அதே மேசையில் ஸ்டோர் ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களில் இளையவன் சூடான ரொட்டியைப் பிய்த்து, சம்பலைத் தொட்டு, “பழனியண்ணே, இந்தாங்க, தங்கச்சி ஊருக்குப் போகுது, ஒரு வாய் சாப்புடுங்க” என்று நீட்டினான். அவன் முகத்தில் பிரியத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

அண்ணன் கை பாதி வழி போனது. நான் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீரைப் பார்த்தேன்.

“வேணாம் தம்பி” என்றார் அண்ணன். அவன் கையை அப்படியே பிடித்து அவன் வாய்ப்பக்கமே திருப்பிவிட்டார். “கோவிச்சுக்காத. எனக்கு மாவு ஆகாது. சாப்புட்டா செத்துருவேன்.” பிறகு என் பக்கம் தலையை அசைத்துக் கடைக்கே கேட்கிறமாதிரி சொன்னார். “இந்தா இருக்கு என் தங்கச்சி, இதுக்கும் ஆகாது. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே வயிறு. நானா, இந்தத் தட்ட எடுத்துட்டு வாழப்பழம் இருந்தா குடுங்க.”

இளையவன் ஒரு நிமிடம் முழித்தான். “அட, மொதல்லயே சொல்றதுக்கு என்ன?” என்றான். ரொட்டியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, எழுந்து போய் அவனே ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தான்.

எத்தனை பந்தியில், எத்தனை வீட்டு வாசலில், குரலைத் தாழ்த்தி அதை நான் ஒருத்தியாகச் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பதிலாக இன்னொருவர் வாயிலிருந்து அதைக் கேட்டது அன்றைக்குத்தான். நாலு பேரும் பழத்தை உரித்துத் தின்றோம். ஸ்டோர் கதை பேசினார்கள். எனக்குப் பாதி புரியவில்லை, இருந்தும் சிரித்தேன். பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. அண்ணன் பெட்டியைத் தூக்கினார். எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை.